மோட்டார்ஹோமுக்கு எத்தனை பூட்டு தான் வேணும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்க இருக்குறது இங்கிலாந்துல, ரெடிங் பக்கம். எங்க வட்டத்துலயே இப்ப நாலு குடும்பம் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்பு, பாத்ரூமோட வர்ற வீட்டு வண்டி, வாங்கியாச்சு, அதுல முதல்ல வாங்கினது நான்ங்கிறதால யாருக்கு எந்த சந்தேகம் வந்தாலும் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு தான் போன் வரும். அதுலயும் பாதி கேள்வி திருட்டு பத்தி தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால மொத்தமா எழுதி வச்சிட்டேன். என் வண்டி ஃபியட் டுகாட்டோ வேன் மேல கட்டினது, செகண்ட் ஹேண்ட், ஆறரை மீட்டருக்கு கொஞ்சம் கம்மி. அதனால உதாரணம் எல்லாம் டுகாட்டோவ சுத்தியே இருக்கும், கோச்சுக்காதீங்க.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எவ்வளவு செக்யூரிட்டி வேணும்?

முன் கதவு ரெண்டுக்கும் எக்ஸ்ட்ரா பூட்டு, கண்ணுக்கு தெரியுற மாதிரி ஒரு நல்ல ஸ்டியரிங் லாக், இன்சூரன்ஸ்காரன் பாலிசில என்ன எழுதியிருக்கானோ அது. வண்டி எங்க நிக்குதுன்னு கொஞ்சம் மூளைய செலவு பண்ணுங்க. முக்காவாசி பேருக்கு இதோட வேலை முடிஞ்சுது. இதுக்கு மேல போடறது எல்லாம் வண்டி விலை, நிக்குற இடம், உங்க தூக்கம், இந்த மூணையும் பொறுத்தது.

எண்பதாயிரம் பவுண்டு வண்டிய ரோட்டோரமா நிறுத்துறவருக்கும், பன்னெண்டாயிரத்துக்கு வாங்கின இருபது வருஷ வண்டிய வீட்டு கேட்டுக்கு உள்ள நிறுத்துறவருக்கும் ஒரே கணக்கு வராது. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் அந்த இருபது வருஷ வண்டிக்கு டிராக்கர் (வண்டி எங்க இருக்குன்னு காட்டுற கருவி), ரெண்டு அலாரம், வீல் கிளாம்ப் (சக்கரத்துல மாட்டுற பூட்டு), கேமரான்னு ரெண்டாயிரம் பவுண்டு கிட்ட இறைச்சிட்டாரு, சுண்டக்கா கால் பணம் சுமகூலி முக்கா பணம்னு ஊர்ல சொல்ற கதை தான், ஆனா அவர்கிட்ட அதை சொல்லிட முடியுமா.

திருடன் வண்டிய எடுக்க வர்றானா, உள்ள இருக்குற சாமான எடுக்க வர்றானா?

இத முதல்ல பிரிச்சுக்கணும், ஏன்னா ரெண்டுக்கும் மருந்து வேற. வண்டியவே ஓட்டிட்டு போறவன் அது ஆளில்லாம கிடக்குற இடத்துக்கு வருவான், அதாவது உங்க வீட்டு முன்னாடி வண்டி நிறுத்துற டிரைவ்வே, வாடகைக்கு வண்டிய விட்டு வைக்கிற ஸ்டோரேஜ் யார்டு, சர்வீசுக்கு விட்ட இடம். சாமானுக்கு வர்றவன் நீங்க டூர்ல இருக்கும்போது வருவான், சூப்பர் மார்க்கெட் கார் பார்க்ல நாப்பது நிமிஷம் கிடைச்சா அவனுக்கு தாராளம். நாம என்னடான்னா டூர் போகும்போது மட்டும் பயந்துகிட்டு, வருஷத்துல பத்து மாசம் வண்டி சும்மா நிக்கும்போது மறந்துடறோம். என்கிட்ட கேட்டவங்கள்ல ஒருத்தர் கூட "நவம்பர் மாசம் என்ன பண்றது"ன்னு கேட்டது இல்ல, எல்லாரும் கேக்குறது "ஸ்பெயின்ல ராத்திரி என்ன பண்றது" தான்.

டுகாட்டோ கதவு மோசம்னு சொல்றாங்களே, நெசமாவா?

நெசம் தான். டுகாட்டோ, பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே மூணும் ஒரே குடும்பம், பேட்ஜ் தான் வேற. இந்த வண்டிகள்ல முன் கதவு கைப்பிடிக்கு கீழ தகரம் ரொம்ப லேசு, அதுக்கு நேர் பின்னாடியே பூட்டோட கம்பி ஓடுது. விஷயம் தெரிஞ்சவன் கூரான ஒரு ஸ்க்ரூடிரைவர வச்சு ஒரே குத்து, உள்ள விட்டு ஒரு தள்ளு, கதவு திறந்துடும். கண்ணாடி உடையுற சத்தமும் கிடையாது.

என் வண்டிக்கே நடந்திருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஸ்டோரேஜ்ல விட்டிருந்தோம், ஈஸ்டருக்கு எடுக்க போனா டிரைவர் பக்க கதவுல கைப்பிடிக்கு கீழ ஒரு ஓட்டை, ஒரு ரூபா காசு கூட அதுல நுழையாது, அவ்வளவு சின்னது. ஓரத்துல பெயிண்ட் உள்பக்கமா மடங்கி, ஓட்டைல இருந்து துரு ஒரு கோடா வழிஞ்சிருந்துச்சு, அப்படின்னா குத்தி பல வாரம் ஆச்சுன்னு அர்த்தம். உள்ள போனா டாஷ்போர்டு டிராயர் எல்லாம் திறந்து கிடக்கு, ரேடியோ போயிடுச்சு, பிள்ளைங்க வச்சிருந்த சில்லறை டப்பாவும் காணோம். வண்டி மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது, ஏன்னா ஸ்டியரிங்ல மஞ்சள் கலர்ல தட்டு மாதிரி லாக் கிடந்துச்சு. யார்டு ஆளுங்க கேமரா இருக்குன்னாங்க, கேமரா இருந்துச்சு, ரெக்கார்டிங் தான் இல்ல.

அதுக்கப்புறம் தான் ரெண்டு வேலை பண்ணினேன். கைப்பிடிய சுத்தி ஸ்டீல் கவச தகடு போட்டாச்சு, குத்தினாலும் உள்ள இறங்காது. முன்பக்க கேபின் கதவு ரெண்டுக்கும் உள்பக்கம் இருந்து திருகுற தனி பூட்டு போட்டாச்சு. ரெண்டும் சேர்த்து முன்னூறு பவுண்டுக்கு கொஞ்சம் மேல ஆச்சு. டுகாட்டோ குடும்பத்து வண்டி வாங்கினவங்க வேற எதையும் பண்ணலேன்னாலும் இத பண்ணிடுங்க, என்னைய மாதிரி கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணாதீங்க.

லிவிங் ஏரியா கதவும் ஜன்னலும்?

அது கதவே இல்லீங்க, பிஸ்கட். ஜன்னல் அக்ரிலிக், உள்ள பிளாஸ்டிக் கொக்கி. மனசு வச்சா பத்து வயசு பையன் திறந்துடுவான். கதவுக்கு வெளிய இருந்து ஒரு கைப்பிடி மாதிரி வந்து குறுக்க மடங்குற பூட்டு கிடைக்குது, ஃபியம்மா மாதிரி கம்பெனிங்க போடறாங்க, அது ஒண்ணு போட்டா "இந்த வண்டி வேணாம், பக்கத்து வண்டிய பாப்போம்"ன்னு தோண வைக்கும். ஜன்னலுக்கு பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, பண்ணவும் வேணாம், தீ பிடிச்சா நீங்க வெளிய குதிக்க வேண்டிய வழி அது. இன்னொண்ணு, ஃபியட் சென்ட்ரல் லாக் பட்டன அமுக்கினா கேபின் கதவு மட்டும் தான் பூட்டும், பின்னாடி கட்டினது வேற கம்பெனிங்கிறதால அந்த கதவு நிறைய வண்டில தனி சாவி தான். "க்ளிக்"னு சத்தம் கேட்டதும் எல்லாம் பூட்டிடுச்சுன்னு நடையை கட்டிடாதீங்க.

கம்பெனியே இம்மொபிலைசர் குடுத்திருக்கானே, அது போதாதா?

இங்க 1998 அக்டோபர்ல இருந்து புது கார் எல்லாத்துலயும் இம்மொபிலைசர் கட்டாயம், வேன் மேல கட்டின வண்டிங்கள்லயும் இப்ப எல்லாத்துலயும் இருக்கு. சாவிக்குள்ள இருக்குற சிப்ப வண்டி அடையாளம் கண்டா தான் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கம்பிய ஒட்டி வண்டிய கிளப்புற காலம் இதோட போச்சு. ஆனா திருடனும் படிச்சிட்டான். ஸ்டியரிங்குக்கு கீழ ஓபிடி போர்ட்னு ஒண்ணு இருக்கு, மெக்கானிக் லேப்டாப் சொருகுற இடம், அதுல ஒரு கருவிய சொருகி புது சாவிய வண்டிக்கு அறிமுகம் பண்ணி வச்சிட்டு போற ஆளுங்க இருக்காங்க. அதுக்கு ஓபிடி போர்ட்டுக்கு இரும்பு மூடி கிடைக்குது, விலை கம்மி, போட்டுக்கலாம்.

கீலெஸ் வண்டின்னா, அதாவது சாவி பாக்கெட்ல இருந்தாலே திறந்து ஸ்டார்ட் ஆகுற வண்டின்னா, கதை வேற. டுகாட்டோல 2021 மாடல்ல இருந்து கீலெஸ் ஆப்ஷன் வந்துடுச்சு. வீட்டு வாசல்ல ஒருத்தன் ஆன்டெனாவோட நிப்பான், வண்டிகிட்ட இன்னொருத்தன் நிப்பான், உள்ள ஹால்ல கிடக்குற சாவியோட சிக்னல இழுத்து வண்டிக்கு குடுத்துடுவாங்க, ரிலே அட்டாக்னு பேரு. சிக்னல தடுக்குற ஃபாரடே பை பத்து பவுண்டுக்குள்ள கிடைக்கும், ஸ்பேர் சாவியையும் அதுலயே போடுங்க, எல்லாரும் ஒரு சாவிய பைல போட்டுட்டு இன்னொண்ண ஆணில மாட்டி வச்சிருப்பாங்க.

அதையும் தாண்டி 2022-ல லண்டன்ல ஒரு டொயோட்டா ராவ்4 கார் திருடு போச்சு. ஹெட்லைட் பக்கம் பம்பர பிரிச்சு, அங்க ஓடுற கேன் பஸ் வயர்ல (வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வயர்) ஒரு கருவிய கோத்து, "நான் தான் சாவி"ன்னு வண்டிய நம்ப வச்சு ஓட்டிட்டு போயிட்டாங்க. வண்டி ஓனரே கார் செக்யூரிட்டி ஆராய்ச்சி பண்றவர்ங்கிறது தான் இதுல வேடிக்கை, அவர் விடாம துருவி அந்த டெக்னிக்க வெளிய கொண்டு வந்தாரு. இந்த மாதிரி விஷயத்துக்கு தான் ஆட்டோவாட்ச் கோஸ்ட் மாதிரி பின் நம்பர் இம்மொபிலைசர் வந்திருக்கு, ஸ்டியரிங் வீல்ல, கதவுல இருக்குற சாதா பட்டன்கள நீங்க வச்ச வரிசைல அமுக்கினா தான் வண்டி கிளம்பும், வெளிய லைட்டோ பெட்டியோ ஒண்ணும் தெரியாது. நல்ல சாமான். ஐநூறு பவுண்டு பக்கத்துல கேப்பாங்க. புது விலையுயர்ந்த வண்டின்னா போடுங்க, பழைய வண்டிக்கு அவசியம்னு சொல்ல மாட்டேன்.

இந்த காலத்துல போய் ஸ்டியரிங் லாக்கா?

ஆமா. எலக்ட்ரானிக்ஸ்ல கில்லாடியா இருக்குறவன்கிட்ட அன்னிக்கு இரும்ப அறுக்குற கிரைண்டரும் இருக்கணும்னு அவசியம் இல்ல. நான் திண்டுக்கல்காரன், பூட்டு விஷயத்துல எனக்கு கொஞ்சம் திமிர் உண்டு. எங்க தாத்தா கடை ஷட்டர்ல ஒரு மாங்காய் பூட்டு தொங்கும், ஒரு கைல தூக்க முடியாது, அத பாத்தாலே தெருவுல போறவனுக்கு ஒரு மரியாதை வரும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தப்ப எங்க வீட்டு வாட்சப் குரூப்ல கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. அதே லாஜிக் தான் இதுக்கும், கண்ணுக்கு முன்னாடி தெரியணும், வெயிட்டா இருக்கணும், வெட்டுறதுக்கு நேரமும் சத்தமும் ஆகணும்.

ஒத்தை கம்பியா வர்ற லாக்க விட, ஸ்டியரிங் வட்டம் முழுசும் மூடுற தட்டு டைப் நல்லது, ஏன்னா கம்பி டைப்புல திருடன் லாக்க தொட மாட்டான், ஸ்டியரிங் வளையத்தையே அறுத்துட்டு லாக்க உருவிடுவான். வாங்கும்போது சோல்ட் செக்யூர் முத்திரை இருக்கான்னு பாருங்க, வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம்னு தரம் போட்டிருப்பாங்க, வெட்டி உடைச்சு டெஸ்ட் பண்ணி குடுக்குறது. சைஸ் முக்கியம், வேன் ஸ்டியரிங் கார விட பெருசு, அளக்காம வாங்கிட்டு திருப்பி அனுப்பினவன் நான்.

வீல் கிளாம்ப்? மாசக்கணக்கா நிக்குற வண்டிக்கு சரி. டூர்ல தினமும் மழைல குந்தி மாட்டுவேன்னு நினைச்சீங்கன்னா உங்கள உங்களுக்கே தெரியல.

டிராக்கர்ல எஸ்5, எஸ்7ன்னு சொல்றாங்களே, எது?

தாட்சம்னு இங்க ஒரு டெஸ்டிங் அமைப்பு, இன்சூரன்ஸ் கம்பெனிங்க சேர்ந்து நடத்துறது. அவங்க 2019-ல பழைய கேட்டகரி 5, 6, 7 டிராக்கர் எல்லாத்தையும் மாத்தி எஸ்5, எஸ்7ன்னு ரெண்டா ஆக்கிட்டாங்க. எஸ்7 சாதா ரகம்: வண்டிய யாராவது கட்டி இழுத்தாலோ பேட்டரிய கழட்டினாலோ 24 மணி நேரமும் ஆள் இருக்குற கன்ட்ரோல் ரூமுக்கு தகவல் போகும், அவங்க உங்களுக்கு போன் பண்ணுவாங்க. எஸ்5-ல இதோட ஒரு டேக் குடுப்பாங்க, அது உங்க பாக்கெட்ல இல்லாம வண்டி நகர்ந்தா உடனே அலர்ட், திருட்டுன்னு உறுதியான பிறகு தூரத்துல இருந்தே வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாம பண்ணலாம். சாவியவே திருடிட்டு போனாலும் எஸ்5 கண்டுபிடிக்கும், எஸ்7-க்கு அது தெரியாது. வித்தியாசம் அவ்வளவு தான்.

எது வேணும்னு நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி பாலிசிய எடுத்து படிங்க. நிறைய கம்பெனி வண்டி விலை ஒரு அளவ தாண்டினா டிராக்கர் கட்டாயம்னு போட்டிருக்கும், அதுவும் "சந்தா நடப்புல இருக்கணும்"ன்னு பொடி எழுத்துல இருக்கும். வருஷ சந்தாவ கட்ட மறந்து, வண்டி போன அன்னிக்கு தான் ஞாபகம் வந்தா, அந்த க்ளெய்ம் என்ன பாடு படும்னு நினைச்சு பாருங்க.

டிராக்கர் திருட்ட தடுக்காது, போன வண்டிய தேட உதவும், அவ்வளவு தான். ஜிபிஎஸ் ஜாமர் வச்சிருக்குற திருடனும் இருக்கான், கன்டெய்னருக்குள்ள ஏத்திட்டா சிக்னலே வராது, அதனால தான் சில டிராக்கர்ல விஎச்எஃப் ரேடியோவும் சேர்த்து வர்றது, அது சுவருக்குள்ளயும் கொஞ்சம் போகும். இன்னொரு தொல்லை பேட்டரி. டிராக்கரும் அலாரமும் சொட்டு சொட்டா கரண்ட் குடிச்சுகிட்டே இருக்கும், குளிர்காலத்துல ரெண்டு மாசம் வண்டிய தொடலேன்னா பேட்டரி செத்துடும், பேட்டரி செத்தா கொஞ்ச நாள்ல டிராக்கரும் செத்துடும். கூரைல சோலார் பேனல் இருந்தாலும் அது பின்னாடி லைட்டு, பம்புக்கெல்லாம் கரண்ட் குடுக்குற லெஷர் பேட்டரிய மட்டும் தான் சார்ஜ் பண்ணுதா, இஞ்சின் பேட்டரிக்கும் போகுதான்னு பாத்துக்குங்க. எனக்கு போகல, ரெண்டு வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுது.

ஏர்டேக் முப்பது பவுண்டு தானே, அதை ஒளிச்சு வச்சா போதாதா?

ஆப்பிள் கம்பெனியோட சின்ன வட்ட வில்லை தானே, வைங்க, ரெண்டாவது கண்ணா நல்லது, நானும் வச்சிருக்கேன். ஆனா அதுல ஜிபிஎஸ் கிடையாது, பக்கத்துல போற ஆப்பிள் போன்கள வச்சு தான் இடம் சொல்லும், ஆள் அரவம் இல்லாத பண்ணைல வண்டிய ஒளிச்சு வச்சா ஒண்ணும் சொல்லாது. அதோட, யாரோ நம்மள வேவு பாக்குறாங்கன்னு பயப்படுறவங்க பாதுகாப்புக்காக "உங்க கூடவே ஒரு ஏர்டேக் வருது"ன்னு போன்ல எச்சரிக்கை வர்ற மாதிரி பண்ணியிருக்காங்க, அந்த எச்சரிக்கை திருடனுக்கும் போகும். இன்சூரன்ஸ் கம்பெனி இத டிராக்கரா ஏத்துக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை உள்ள இருக்குற வட்ட பேட்டரிய மாத்துங்க.

அலாரம் போட்டுட்டு உள்ள தூங்க முடியுமா?

முடியும், நைட் மோட் இருக்குற அலாரமா இருந்தா. கதவு, வெளிப்பக்கம் சாமான் வைக்கிற லாக்கர், இதுங்களோட சென்சார் மட்டும் வேலை செய்யும், உள்ள நடமாட்டத்த பாக்குறது ஆஃப் ஆயிடும். வாங்கும்போதே இத கேளுங்க. நான் கேக்கல, ஃபிட் பண்ண வந்தவரும் சொல்லல, டெவன்ல ஒரு கேம்ப் சைட்ல முதல் ராத்திரியே மாமியார் பாத்ரூம் போக எந்திரிச்சாங்க, ஊரே எந்திரிச்சிடுச்சு. மறுநாள் காலைல பல் தேய்க்க போன இடத்துல யாரும் எங்ககிட்ட மூஞ்சி குடுத்து பேசல. மாமியார் மட்டும் "அலாரம் நல்லா வேலை செய்யுது மாப்ள"ன்னாங்க.

அப்புறம் அந்த ஃபிட்டர் கேஸ் சிலிண்டர் வைக்கிற லாக்கர் கதவுக்கு சென்சார் போடவே இல்லன்னு ஒரு வருஷம் கழிச்சு தெரிஞ்சுது. அதனால ஃபிட் பண்ணினதும் ஆள அனுப்பிடாதீங்க, ஒவ்வொரு கதவா, ஒவ்வொரு லாக்கரா திறந்து அலற வச்சு பாத்துட்டு காசு குடுங்க. சென்சார் முன்னாடி சிலந்தி வலை கட்டினாலும் அலறும், கூரை வென்ட் திறந்து காத்து அடிச்சாலும் அலறும், நாய் வளக்குறவங்களுக்கு சொல்லவே வேணாம். நாலு தடவை சும்மா கத்தின அலாரத்த அஞ்சாவது தடவை நீங்களே போட மாட்டீங்க.

ராத்திரி கேஸ் அடிச்சு மயக்கிட்டு திருடுறாங்களாமே?

இதுக்கு தான் வருஷத்துக்கு நாலு பார்வர்ட் வருது. பிரான்ஸ்ல, ஸ்பெயின்ல, ஜன்னல் வழியா மயக்க மருந்த விட்டு, குடும்பத்தையே தூங்க வச்சு, எல்லாத்தையும் அள்ளிட்டு போயிட்டாங்கன்னு. இங்க இருக்குற மயக்க மருந்து டாக்டர்களோட ராயல் காலேஜ் இத பத்தி வெளிப்படையாவே சொல்லிடுச்சு: ஈத்தரோ, குளோரோஃபார்மோ, இப்ப ஆஸ்பத்திரில இருக்குற வேற எந்த ஆவி மருந்தோ, ஜன்னல் வழியா விட்டு உள்ள தூங்குறவங்களுக்கு தெரியாம மயக்க முடியாதுன்னு. ஈத்தர் நெடிக்கு தூங்குறவன் இருமிகிட்டே எந்திரிச்சிடுவான், அதுவும் பயங்கரமா தீ பிடிக்கிற சாமான், வண்டிக்குள்ள பிரிட்ஜ் கேஸ்ல எரிஞ்சுகிட்டு இருந்தா திருடனும் சேர்ந்து தான் போவான்.

இன்னும் ஒண்ணு யோசிச்சு பாருங்க. 2002-ல மாஸ்கோ தியேட்டர்ல தீவிரவாதிங்க ஆளுங்கள பிடிச்சு வச்சப்ப ரஷ்ய அரசாங்கமே உள்ள மயக்க கேஸ் விட்டுச்சு. பிணைக்கைதிகள்ல 120 பேருக்கும் மேல செத்துட்டாங்க. ஒரு அரசாங்கத்தாலயே அளவா மயக்க முடியல, கார் பார்க்ல அலையிற ஒரு திருடன் ஆளாளுக்கு அளந்து குடுத்து, காலைல எல்லாரும் லேசா தலைவலியோட எந்திரிக்கிற மாதிரி பண்ணுவானா?

அப்ப மயக்கிட்டு திருடிட்டாங்கன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களான்னா, பொய்யில்ல. நாள் பூரா வண்டி ஓட்டிட்டு, ரெண்டு கிளாஸ் வைன் போட்டுட்டு, தூங்கினா யாருக்கு என்ன கேக்கும். ஜன்னல் மூடிய இடத்துல எட்டு மணி நேரம் படுத்தா தலை வலிக்கத் தான் செய்யும். மயக்க கேஸ் அலாரம்னு விக்கிற பெட்டிக்கு காசு போடாதீங்க, அந்த காச கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு போடுங்க. ஹீட்டரும் அடுப்பும் உள்ளயே இருக்கு, அந்த கேஸுக்கு வாசனையும் கிடையாது நெடியும் கிடையாது, உண்மையிலயே ஆள கொல்றது அது தான்.

அப்ப ஐரோப்பா டூர்ல பயப்படவே வேணாமா?

ஹைவே ஓரத்துல ராத்திரி தூங்காதீங்க, அது ஒண்ணு தான் என் கண்டிஷன். பிரான்ஸ்ல "ஏர்"னு ரெண்டு விதம் இருக்கு, பேர் குழப்பும். ஊருக்குள்ள முனிசிபாலிட்டியே மோட்டார்ஹோமுக்குன்னு ஒதுக்கின இடம் ஒண்ணு, தண்ணி, கழிவு ஊத்துற வசதி எல்லாம் இருக்கும், அங்க நாங்க எத்தனையோ ராத்திரி தூங்கியிருக்கோம். இன்னொண்ணு ஆட்டோரூட் ஓரத்து ரெஸ்ட் ஏரியா, அங்க திருடன் ரெண்டு நிமிஷத்துல ஹைவே ஏறி அடுத்த ஊருக்கு போயிடுவான். இன்னும் நாப்பது கிலோமீட்டர் ஓட்ட சோம்பேறித்தனம் பட்டு அங்க படுக்காதீங்க.

ஸ்பெயின்ல ஏபி-7 ரோட்டுல, பார்சிலோனா பக்கம், வெளிநாட்டு நம்பர் பிளேட் வண்டிய குறி வச்சு, பக்கத்துல வந்து "உங்க டயர் பஞ்சர்"னு சைகை காட்டுவாங்க, நீங்க இறங்கி குனிஞ்சு பாக்கும்போது மறுபக்க கதவு வழியா பை போயிடும். இங்கிலாந்து வெளியுறவுத்துறையே பயண அறிவுரைல இத சொல்லுது. டயர் நெசமாவே போயிருந்தா ஸ்டியரிங்ல உங்களுக்கே தெரியும். நிறுத்தியே ஆகணும்னா ஆள் நடமாட்டம் இருக்குற பெட்ரோல் பங்க் வரைக்கும் மெதுவா போங்க, இறங்குறவர் சாவிய எடுத்துட்டு இறங்கணும், மத்தவங்க உள்ள பூட்டிக்கணும்.

ராத்திரிக்கு ஒரு ஓசி டெக்னிக்: கேபின் சீட் பெல்ட்ட இழுத்து கதவோட உள் கைப்பிடிக்குள்ள விட்டு மாட்டிடுங்க, ரெண்டு பக்கமும். பூட்ட திறந்தாலும் கதவு வராது. டிரைவர் சீட்ட முன்பக்கம் பாக்குற மாதிரியே விட்டு, சாவிய கை எட்டுற இடத்துல வச்சிட்டு படுங்க, ஏதாவது ஒத்து வரலேன்னா இறங்காம அப்படியே கிளம்பிடலாம். இதனால தான் வெட்ட வெளில தூங்கும்போது நான் ஸ்டியரிங் லாக் போடறதில்ல. எங்க வீட்டுக்காரம்மா இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, அந்த சண்டை இன்னும் ஓடுது.

பாஸ்போர்ட், பணம், லேப்டாப் எங்க வைக்கிறது?

சின்ன சேஃப் ஒண்ண சீட்டுக்கு கீழ தரையோட போல்ட் போட்டு வைங்க. போல்ட் போடாத சேஃப் திருடனுக்கு கைப்பிடி இல்லாத சூட்கேஸ் மாதிரி, அப்படியே தூக்கிட்டு போவான். 3500 கிலோ வண்டில எடை கணக்கும் இருக்கு, 1997-க்கு அப்புறம் லைசன்ஸ் எடுத்த நம்ம முக்காவாசி பேருக்கு அது தான் லிமிட், இட்லி பாத்திரம், அரிசி மூட்டை, பிள்ளைங்க சைக்கிள்னு ஏத்தினதுக்கு அப்புறம் இருபது கிலோ சேஃபுக்கு இடம் இருக்கான்னு பாருங்க. இன்சூரன்ஸ்ல உள்ள இருக்குற சாமானுக்கு தனி லிமிட், லேப்டாப், நகை எல்லாம் பெரும்பாலும் வராது. தாலிச்செயின கழட்டி டிராயர்ல வச்சிட்டு கடல்ல குளிக்க போற பழக்கம் நம்ம வீட்டு பொம்பளைங்களுக்கு உண்டு, தயவு செஞ்சு வேணாம்.

ஸ்டோரேஜ்ல விடறது வீட்டுல விடறத விட சேஃபா?

இடத்த பொறுத்தது. இங்க காசோவான்னு ஸ்டோரேஜ் யார்டு ஓனர்களோட சங்கம் இருக்கு, வேலி, கேட், கேமரா, ஆள் நடமாட்டம் எல்லாம் பாத்து தங்கம், வெள்ளி, வெண்கலம்னு தரம் குடுக்கும். தங்க தர யார்டுல விட்டா சில கம்பெனி பிரீமியத்துல குறைக்கும். ஆனா நான் முன்னாடி சொன்ன கதைய மறக்காதீங்க, போர்டுல எழுதியிருக்குறத நம்பாம நேர்ல போய், கேட் கோடு எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துறீங்க, கேமரா எத்தனை நாள் ரெக்கார்டிங் வச்சிருக்கும்னு கேளுங்க. பதில் சொல்ல தடுமாறினா வேற யார்டு பாருங்க.

வீட்டுல விடறதுன்னா வண்டி முன்னாடி உங்க கார குறுக்க நிறுத்துறது தான் இருக்குறதுலயே மலிவான பூட்டு. தரைல பதிச்சு எடுக்குற இரும்பு போஸ்டும் நல்லது. டூர் போகும்போது வீடு காலின்னு மோட்டார்ஹோம் இல்லாத டிரைவ்வேயே ஊருக்கு சொல்லிடும், அதையும் யோசிங்க.

கேடலிட்டிக் கன்வெர்ட்டர்?

வண்டிக்கு அடில புகைய சுத்தம் பண்ற பெட்டி அது, உள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்குறதால அறுத்துட்டு போறாங்க, நம்ம வண்டி உயரமா நிக்கிறதால ஜாக் கூட வேணாம், குனிஞ்சு உள்ள போயிடலாம். சுவர ஒட்டி நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க, இல்லேன்னா அதுக்கு கூண்டு போடுங்க.

டம்மி கேமரா, "அலாரம் உள்ளது" ஸ்டிக்கர்?

ஸ்டிக்கர் ஒட்டுங்க. டம்மி கேமரா வேணாம், பாத்தாலே தெரியுது.

இவ்வளவையும் மீறி வண்டி போயிடுச்சுன்னா?

கண்ணு முன்னாடி போய்கிட்டு இருந்தா 999, போனது பிறகு தெரிஞ்சா 101. போலீஸ் குடுக்குற கிரைம் நம்பர் கைக்கு வந்ததும் டிராக்கர் கம்பெனிக்கு போன், அந்த நம்பர் இல்லாம அவங்க போலீஸோட சேர்ந்து தேட ஆரம்பிக்க மாட்டாங்க. அப்புறம் தான் இன்சூரன்ஸ். ஏர்டேக் எங்கயோ ஒரு இடத்த காட்டுதுன்னு மச்சான கூட்டிகிட்டு நீங்களே கிளம்பிடாதீங்க.

இன்னிக்கே பண்ணி வைக்க வேண்டியது, சேசிஸ் நம்பர், ரெண்டு சாவி, உள்ள இருக்குற டிவி, சோலார் பேனல் சீரியல் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க. மோட்டார்ஹோம் எல்லாமே வெள்ளை கலர் பெட்டி, நம்பர் பிளேட்ட மாத்திட்டா எது யாருதுன்னு யாருக்கும் தெரியாது, அதனால பின்பக்கம் ஒரு கீறல், உள்ள அலமாரிக்குள்ள பிள்ளை கிறுக்கினது, அந்த மாதிரி உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளத்தையும் எடுங்க. கூரை மேல வண்டி நம்பர பெருசா ஒட்டிடுங்க, ஹெலிகாப்டர்ல இருந்து போலீஸ் படிக்கிற மாதிரி. நான் ஏணி போட்டு ஏறி ஒட்டிட்டு கீழ இறங்கி தான் பாத்தேன், ஒரு எழுத்து தலைகீழா ஒட்டியிருக்கேன். அடுத்த வெயில் நாளைக்கு திரும்ப ஏறணும்.